பேரிக்காய் பழுக்கும் இடம்

ஜூலை 6

சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். மருமகள் கடையிலிருந்து வந்ததும் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தாள். "சரியாயிடுச்சு மாமா" என்றாள். "ம்" என்றேன். இன்றைய பேச்சு அவ்வளவுதான்.

மகன் இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்தான். தன் மனைவியையும் என்னையும் குடிவைத்துவிட்டுப் பாலம் கட்டும் வேலைக்குத் தூர ஊருக்குப் போய்விட்டான். நானும் அவளும் பேசிக்கொள்ளப் பொதுவாக இருந்த ஒரே ஆள் அவன்தான். அவனும் இல்லாமல், பாதியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட இரண்டு பேர் மாதிரி மரியாதையாக இருக்கிறோம். ஆயுள் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவனுக்கு வேறு என்ன உவமை வரும்.

ஜூலை 9

வீட்டுக்குப் பின்னால் நிற்பது பேரிக்காய் மரமாம்! இத்தனை நாள் அதன் அடியில்தான் துணி காயப்போட்டோம், எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் சொன்னார். "காய் நிறைய பிடிக்கும் சார். ஆனா வாயில வைக்க முடியாது. முன்னாடி இருந்தவங்க கூடை கூடையா குப்பையில கொட்டினாங்க. சும்மா மரம்."

சும்மா மரம் என்று ஒன்று உண்டா? ஒரு காயைப் பறித்துக் கடித்தேன். பல் தப்பியது ஆண்டவன் புண்ணியம். நாக்கு முழுக்கத் துவர்ப்பு. நான் முகத்தைக் கோணிக்கொண்டு நின்றதைப் பின்வாசலிலிருந்து மருமகள் பார்த்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

ஜூலை 10

ஒரு சந்தேகம். மாங்காய் பழுத்தால் மாம்பழம். வாழைக்காய் பழுத்தால் வாழைப்பழம். பேரிக்காய் பழுத்தால்? பேரிப்பழம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அது என்ன பாவம் செய்தது, சாகும்வரை காயாகவே இருக்க?

சாப்பிடும்போது இதைக் கேட்டேன். மருமகள் கரண்டியைக் கையில் பிடித்தபடியே யோசித்தாள். குழம்பு சொட்டுச் சொட்டாக மேஜையில் விழுந்தது, அவள் கவனிக்கவில்லை.

"பழுக்கிற வரைக்கும் யாரும் விட்டு வைக்கலையோ என்னமோ மாமா."

"அப்ப நாம விட்டு வைப்போமா?"

"வைப்போமே."

ஜூலை 28

காய் கல்லு மாதிரியேதான் இருக்கிறது. "முறைச்சுப் பாத்தா பழுக்காது மாமா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. எதையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பாள். நேற்று ஒரு பேரிக்காயையும் அப்படித்தான் பார்த்தாள்.

ஆகஸ்ட் 11

மஞ்சள்! தெற்குப் பக்கக் கிளையில் நாலைந்து காய் மஞ்சளாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, அவளும் வீட்டில் இருந்தாள். தட்டு, கத்தி எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு ஏதோ கல்யாண விருந்துக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தோம்.

முதல் பழம்: வெளியே தங்கம். நடுவில் சகதி. விதையைச் சுற்றி ஒரே பழுப்பு, வாடை வேறு. இரண்டாவதும் அப்படியே. எல்லாமே அப்படித்தான். இது என்ன கூத்து? விட்டு வைத்தால் உள்ளுக்குள் அழுகுகிறது, பறித்தால் பல்லை உடைக்கிறது. நடுவில் ஒரு நாளாவது இருக்க வேண்டாமா?

நான் குப்பைக்கூடையைத் தேடினேன். அவள் போய் ஒரு பச்சைக் காயைப் பறித்து வந்து அறுத்தாள். குனிந்து பார்த்தாள்.

"மாமா, இங்க பாருங்க. காய் கல்லு மாதிரி இருக்கு. ஆனா விதை கறுத்திருக்கு."

"அதனால?"

"பிஞ்சுன்னா விதை வெள்ளையா இருக்கும்ல? இதுக்குள்ள எல்லா வேலையும் முடிஞ்சிடுச்சு. மரத்துல இன்னும் எதுக்கு தொங்கிட்டிருக்கு?"

பறித்துத்தான் பழுக்க வைக்க வேண்டுமோ? இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது. யார் முதலில் சொன்னோம் என்று இப்போது நினைவில்லை. நான்தான் என்று எழுதிக்கொள்கிறேன். இது என் நாட்குறிப்பு.

ஆகஸ்ட் 12

மரத்தில் ஒரு நுணுக்கம் கண்டுபிடித்தேன். தொங்கும் காயை உள்ளங்கையில் ஏந்திப் படுக்கைவசமாகத் தூக்கினால், முற்றிய காயென்றால் காம்பு க்ளிக்கென்று கழன்று கையோடு வந்துவிடுகிறது. முற்றாத காய் பிடிவாதமாகத் தொங்குகிறது. இழுத்தால் கிளையே ஒடிகிறது. (ஒடித்தேன்.)

கழன்று வந்தவற்றைப் பிரித்தேன். பழைய கருவிப் பெட்டியில் வயர் சுற்றும் டேப் எல்லா நிறத்திலும் இருந்தது. சிவப்பு டேப் ஒட்டியவை துணி அலமாரிக்குள். மஞ்சள் டேப் ஜன்னல் ஓரம். நீலம் ஃப்ரிட்ஜில். மருமகள் மாலையில் புடவை எடுக்க அலமாரியைத் திறந்து, "யாரு மாமா இவங்க எல்லாம்?" என்றாள்.

ஆகஸ்ட் 16

மகன் போன் செய்தான். "மாத்திரை போடுறீங்களாப்பா? அவ நல்லா பாத்துக்கிறாளா?" பேரிக்காய் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். "அப்பா, சைட்ல இருக்கேன், அவகிட்ட குடுங்க" என்றான்.

அவள் பேசியது எனக்குக் கேட்டது. "ம்... சரிங்க... இல்ல, வரலைன்னு சொல்லிட்டேன். ம். சொல்லிட்டேங்க."

எங்கே வரலை? போனை வைத்துவிட்டு, கழுவி வைத்திருந்த தட்டை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

ஆகஸ்ட் 23

சிவப்பும் மஞ்சளும் தோல்வி. அலமாரியில் இருந்தவை பாட்டி முகம் மாதிரி சுருங்கிவிட்டன. ருசி? ஈரமான காகிதம். ஜன்னல் ஓரத்தில் இருந்தவை ஒரு பக்கம் மெத்து, ஒரு பக்கம் மரக்கட்டை. நீலம் அப்படியே பச்சையாக, குளிரில் உறைந்துபோய் உட்கார்ந்திருக்கிறது.

தையல்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "நான் சொன்னேன்ல சார்" என்றார். சந்தோஷம் அவருக்கு.

ஆகஸ்ட் 26

இன்று நியாயமில்லாமல் கத்திவிட்டேன். ஃப்ரிட்ஜிலிருந்த நீல டேப் காய்களை எல்லாம் மருமகள் எடுத்துக் கூடையில் போட்டுப் பரண்மேல் வைத்துவிட்டாள்.

"சோதனையே கெட்டுப்போச்சும்மா!"

"பால் வைக்க இடம் இல்ல மாமா. சோதனைக்காக கறுப்புக் காப்பி குடிப்பீங்களா?"

பாலோடு காப்பி குடித்தேன்.

ஆகஸ்ட் 30

என் கண்ணாடியின் கால் கழன்றுவிட்டது. மருமகளிடம் கொடுத்திருக்கலாம், காலாற நடந்த மாதிரி இருக்கும் என்று நானே கடைக்குப் போனேன். அவள் வெளியே போயிருந்தாள். கடைக்காரர் திருகாணியை முடுக்கிக்கொண்டே, "நீங்க யாரு சார், புதுசா இருக்கீங்க?" என்றார். சொன்னேன். திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.

"நீங்கதானா அந்த மாமனார்?"

"எந்த மாமனார்?"

"நடந்து வர்றீங்க!"

"பின்ன பறந்தா வருவாங்க?"

அப்புறம்தான் மனிதர் விவரம் சொன்னார். பெரிய ஊரில் கண் பரிசோதனைப் படிப்பு, இரண்டு வருடம், விடுதியோடு. இவள் கையும் கண்ணும் நல்ல கை, நல்ல கண் என்று இவரே எழுதிப் போட வைத்திருக்கிறார். இடம் கிடைத்துவிட்டது. செப்டம்பர் நடுவில் வகுப்பு. அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். மாமனாரைத் தனியாக விட முடியாதாம். அன்று மகனிடம் போனில் "வரலைன்னு சொல்லிட்டேன்" என்றாளே, அது இதுதான்.

"நீங்க படுத்த படுக்கையா இருக்கீங்கன்னு நெனச்சேன் சார். காலேஜுக்கு நான் இன்னும் இல்லைன்னு சொல்லல. பொண்ணு மனசு மாறுமான்னு பாக்கிறேன்."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. நான் படுக்கையில கெடக்கிறேனா? குழாய்க்கு வாஷர் மாத்தினது யாரு? மரத்துல ஏறி கிளையை ஒடிச்சது யாரு? என்னைச் சாக்கா வெச்சு ஒரு பொண்ணை கட்டிப் போட்டிருக்கீங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை—

இதற்குமேல் எழுத முடியவில்லை. பேனாவை மூடிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 31

அவள் வேலைக்குப் போனதும் மகனைக் கூப்பிட்டேன்.

"உங்களுக்காகத்தானேப்பா சொன்னேன்."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா வேணாம்னுதான் சொல்வீங்க."

"அவளைக் கேட்டியா?"

பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது. நான் திட்டத் தயாராக இருந்தேன். வரிசையாக வார்த்தைகள் வைத்திருந்தேன். அவன் குரல் தணிந்துவிட்டது.

"பயமா இருக்குப்பா. அம்மா விழுந்தப்ப வீட்ல யாருமே இல்லையே. நீங்க டூட்டில, நான் காலேஜ்ல. எவ்வளவு நேரம் கெடந்தாங்களோ..."

இத்தனை வருடத்தில் அவன் இதை என்னிடம் பேசியதே இல்லை. நானும் பேசியதில்லை. வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் உதவவில்லை. "சாப்பிட்டியாடா?" என்று கேட்டேன். "ம்" என்றான். என் பிள்ளைதான்.

செப்டம்பர் 1

"படிக்கப் போம்மா" என்றேன். அவள் மகிழ்ந்துபோவாள் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்.

"கடைக்காரர் சொன்னாரா?" முகம் சிவந்துவிட்டது. "உங்க பிள்ளை போகாதங்கிறார். கடைக்காரர் போங்கிறார். இப்ப நீங்களும் போங்கிறீங்க. மூணு பேரும் கூடிப் பேசியாச்சா? நடுவுல நான்னு ஒருத்தி இருக்கேனே, என்ன வேணும்னு என்னை யாராவது கேட்டீங்களா?"

கதவு சாத்திக்கொண்டது. அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகத்தான். அதுதான் உறைத்தது. நேற்று மகனை மடக்கிய அதே கேள்வி. எனக்கும் அதேதான் பொருந்தியது.

செப்டம்பர் 2

நான் எழுவதற்குள் அவள் கடைக்குப் போய்விட்டாள். காப்பி மேஜையில் இருந்தது.

செப்டம்பர் 3

காலையில் கூடத்தில் ஒரு வாசனை. பூவா, தேனா, யாராவது சென்ட் போட்டிருக்கிறார்களா? ஒவ்வொரு மூலையாக மோப்பம் பிடித்துக்கொண்டு போனேன். அவளும் அறையிலிருந்து அதே மாதிரி மூக்கை நீட்டிக்கொண்டு வந்தாள். பரணுக்குக் கீழே முட்டிக்கொண்டோம்.

கூடையை இறக்கினாள். நிறம் பெரிதாக மாறவில்லை. பச்சையில் லேசாக மஞ்சள் ஓடியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் காம்பு ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் மெத்தென்று இறங்கியது. அவள் நெடுக்காக அறுத்தாள். உள்ளே வெள்ளை, ஈரப் பளபளப்பு, ஒரு பழுப்புப் புள்ளி இல்லை. தட்டு எடுக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே குனிந்து நின்றபடியே சாப்பிட்டோம். சாறு முழங்கை வரைக்கும் ஓடியது. வெண்ணெயில் சர்க்கரை கரைத்த மாதிரி... இல்லை, அதுவும் இல்லை. இந்த ருசிக்கு என்னிடம் சொல் கிடையாது.

குளிரில் கொஞ்ச நாள் இருந்து, பிறகு வெளியே வந்து பழுத்திருக்கிறது. நான் கெட்டுப்போச்சு என்று கத்திய சோதனை.

"பேரிப்பழம்" என்றாள், வாய் நிறைய வைத்துக்கொண்டு.

அப்போதுதான் கேட்டேன். "போக ஆசையா இருக்காம்மா?"

கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக.

"ரொம்ப."

"அப்புறம் என்ன?"

"பயம். கூடப் படிக்கிறதெல்லாம் சின்னப் பொண்ணுங்க. நான் புத்தகத்தைத் தொட்டு பத்து வருஷம் ஆச்சு. ஃபெயில் ஆனா இந்தக் கடைக்கே எப்படித் திரும்பி வருவேன்?" கத்தியை எடுத்துத் துடைத்தாள். "அப்புறம் நீங்க. அவர் சொன்னாருங்கிறதுக்காக மட்டும் இல்ல. நான் கடையிலேர்ந்து லேட்டா வர்ற அன்னிக்கெல்லாம் நீங்க தண்ணியைக் குடிச்சிட்டு உக்காந்திருப்பீங்க. அடுப்புல சோறு இருக்கும், போட்டுச் சாப்பிட மாட்டீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

"ஃபெயில் ஆனா என்னங்கிறதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. சோத்துக்கு இருக்கு. கத்துக்கிறேன்."

"எப்ப?"

"இன்னிக்கே. நீ முடிவு பண்ணு. போறதுன்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி. நான் சமைக்கத்தான் போறேன்."

ஜன்னல் வழியாக மரத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு, "முதல்ல வெங்காயம் நறுக்கத் தெரியுமா?" என்றாள்.

செப்டம்பர் 5

சோறு கஞ்சி ஆனது. முட்டை நன்றாக வந்தது. மருமகள் கடைக்காரரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். வெங்காயம் நறுக்கும்போதுதான் சொன்னாள். எனவே கண்ணில் தண்ணீர் வந்ததற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

செப்டம்பர் 12

மகன் வந்தான். முகம் இஞ்சி தின்ற மாதிரி. அவளுடன் பேசவில்லை, என்னுடன் பேசினான், அவளுக்குக் கேட்கும்படி. "எல்லாம் முடிவு பண்ணிட்டு எனக்கு தகவல் சொல்றீங்க. நல்லா இருக்கு."

அவளே வந்து எதிரில் உட்கார்ந்தாள். "உங்ககிட்ட மறுபடியும் கேக்கணும்னுதான் இருந்தேன். கேட்டா வேணாம்பீங்கன்னு பயந்து தள்ளிப் போட்டேன். அது என் தப்பு. போறது தப்பு இல்ல."

நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். புருஷன் பெண்டாட்டி பேச்சில் நந்தி மாதிரி எதற்கு? மரத்தில் காய் பறித்தேன். எல்லாம் பறித்தாகிவிட்ட பிறகு கீழே கிடந்ததைப் பொறுக்கினேன். உள்ளே குரல் ஏறியது, இறங்கியது.

திரும்பி வந்தபோது இருவரும் மேஜையில் இருந்தார்கள். நடுவில் ஒரு பழம், பாதி தின்றது.

"தையல்காரர்கிட்ட ஒரு சாவி குடுத்து வைங்க" என்றான் என்னிடம். "தினமும் கூப்பிடுவேன். எடுக்கலைன்னா அவரை அனுப்பிக் கதவைத் தட்டச் சொல்வேன். அது ஒண்ணுதான்."

சரி என்று அவன் வாயால் சொல்லவேயில்லை.

செப்டம்பர் 14

பஸ் நிலையத்தில் அவளுடைய பெட்டியை அவன்தான் தூக்கினான். யாரையும் தொடவிடவில்லை.

செப்டம்பர் 21

வீடு பெரிதாகிவிட்டது. சோறு இன்று உதிரி உதிரியாக வந்தது. சொல்ல ஆளில்லை. தையல்காரருக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்டோபர் 4

மகனின் போன் முன்னெல்லாம் மாத்திரையோடு முடியும். இன்று, "என்ன சமைச்சீங்க?" என்றான். சொன்னேன். "எண்ணெய் காஞ்ச பிறகா, முன்னாடியா?" என்றான். மெஸ் சாப்பாடு வெறுத்துவிட்டதாம், அடுப்பு வாங்கியிருக்கிறானாம். அவளிடமும் தினமும் பேசுகிறானாம். கேட்காமலே சொன்னான்.

அக்டோபர் 19

மருமகள் போன். முதல் தேர்வில் கடைசியிலிருந்து மூன்றாவது. குரல் சுரத்தில்லாமல் இருந்தது. "உனக்குக் கீழ ரெண்டு பேர் இருக்காங்களே, அவங்க என்ன பண்றாங்க?" என்றேன். சிரித்துவிட்டாள். அவர்கள்தான் அவளுடைய அறைத் தோழிகளாம்.

அப்புறம் குரல் மாறியது. "மாமா, ஒரு விஷயம். நான் கொண்டுவந்த பழத்தை எல்லாரும் தின்னோம். இவ்வளவு மெத்துன்னு இருக்கு, ஆனா பல்லுல மணல் மாதிரி நறநறன்னு இருக்கே, அது என்னன்னு ஒருத்தி கேட்டா. ஒரே சண்டை. கழுவலைன்னு ஒருத்தி, புழுன்னு ஒருத்தி. நான் ஒரு துண்டை லேப்ல மைக்ராஸ்கோப்புக்கு அடியில வெச்சுப் பாத்துட்டேன்."

"என்ன இருந்துச்சு?"

"சொல்ல மாட்டேன். நேர்ல வந்து பாருங்க."

என்ன பெண் இது!

நவம்பர் 2

திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

ஃப்ரிட்ஜில் கடைசியாக இருந்த பழங்களைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கல்லூரி வாசலில் யாரைக் கேட்பது என்று முழித்துக்கொண்டு நின்றேன். முன்பின் தெரியாத ஒரு சின்னப் பெண் என் கைப்பையை எட்டிப் பார்த்து, "பேரிக்காய் மாமாவா?" என்றாள். திரும்பி, "பேரிக்காய் மாமா வந்துட்டார்!" என்று கத்தினாள். மாடியிலிருந்து இரண்டு மூன்று தலைகள். அவர்களுக்கெல்லாம் என்னைத் தெரிந்திருக்கிறது. கிளை ஒடித்தது கூடத் தெரிந்திருக்கிறது.

மருமகள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். நடை மாறியிருக்கிறது, இடத்தை அறிந்தவள் நடக்கும் நடை.

லேப் பொறுப்பாளரிடம் முன்பே அனுமதி வாங்கி வைத்திருந்தாள். பிளேடால் பழத்தை, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாகச் சீவினாள். கண்ணாடித் துண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர், மேலே இன்னொரு மெல்லிய கண்ணாடி. "மூக்குக்கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருங்க மாமா. நான் திருகுறேன். தெளிவானா சொல்லுங்க."

முதலில் ஒரே மூட்டம். பிறகு சட்டென்று—

சோப்பு நுரை மாதிரி, நீரால் ஆன அறைகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. நடுவில் நடுவில் ஜல்லிக் குவியல்! தடித்த சுவர் கொண்ட குட்டிக் குட்டிக் கற்கள், கும்பல் கும்பலாக. ஒவ்வொரு கும்பலைச் சுற்றியும் நுரை அறைகள் நீளநீளமாக, பூவிதழ் விரித்த மாதிரி. அந்த மெத்தென்ற பழத்துக்குள் இப்படி ஒரு கட்டடம். பழம்தான் தானே கட்டிக்கொள்கிறதாம் அந்தக் கல்லை.

எவ்வளவு நேரம் பார்த்தேனோ. பின்னால் பெண்கள் குசுகுசுத்தார்கள். நான் பிடிக்கவிருந்த பஸ் போயிருக்கும். போகட்டும்.

"மத்த இடமெல்லாம் இவ்வளவு மெத்துன்னு வெச்சிட்டு, நடுவுல கல்லை எதுக்கும்மா வெச்சிருக்கு?"

"அதுதான் தெரியல மாமா" என்றாள். கண் இரண்டும் மின்னின. தெரியாது என்பதை இவ்வளவு ஆனந்தமாகச் சொல்கிற ஆளை நான் பார்த்ததில்லை. "விதையைக் காப்பாத்தன்னு ஒருத்தி சொல்றா. எனக்கு அது சரியாப் படல. அப்படின்னா விதைகிட்ட மட்டும்தானே இருக்கணும்? தோல் ஓரத்துல எதுக்கு?"

நான் மறுபடியும் குனிந்தேன். அவள் என் தோளைத் தட்டினாள்.

"போதும், நகருங்க மாமா. என் முறை."